ஹால்சி, குரிட்டா, நகுமோ: அவர்கள் கையிலிருந்த உத்தரவுகளையும் படிக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலில் நடந்த கடற்போர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படிப்பட்ட ஒரு பொருளுக்கு இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் நான்கு தளபதிகளுக்கு நான்கு பட்டங்களைச் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மிட்வேயில் தோற்ற ஜப்பானியத் தளபதி நகுமோ முடிவெடுக்கத் தெரியாதவர். சைப்பான் தீவின் அருகே அமெரிக்கத் தளபதி ஸ்புரூயன்ஸ் அளவுமீறித் தயங்கியவர். பிலிப்பைன்ஸின் லெய்ட்டே வளைகுடாவில் இன்னோர் அமெரிக்கரான ஹால்சி கண்மூடிப் பாய்ந்தவர். அதே போரில் ஜப்பானியரான குரிட்டா கோழை. ஆளின் குணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எளிது, படிப்பதற்கும் சுவையாக இருக்கும். ஆனால் அந்த நால்வருக்கும் மேலிடம் எழுதிக் கொடுத்திருந்த உத்தரவுகள் என்ன, முடிவெடுத்த அந்த நேரத்தில் அவர்கள் கைக்கு வந்திருந்த செய்திகள் எவை, வராமல் போனவை எவை என்ற கேள்விகளைக் கட்டுரை ஏறக்குறையத் தொடவே இல்லை.

நான் வரலாற்றாசிரியன் அல்லன். சரக்குக் கப்பல்களில் வானொலி அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை, நங்கூரமிட வேண்டிய இடம் மாற்றப்படும் என்ற பொருளில் கரையிலிருந்து வந்த செய்தியை, மாற்றியாகிவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு புதிய இடத்துக்குப் போனால், அங்கே வேறொரு கப்பல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு நேர்ந்தது அரைநாள் வீணும் கேப்டனிடம் வசவும் மட்டுமே. அன்றிலிருந்து கடற்போர் வரலாறு எதைப் படித்தாலும், பீரங்கிகளைப் பற்றிய பக்கங்களைவிடச் செய்திப் பரிமாற்றத்தைப் பற்றிய பக்கங்களிலேயே என் கண் நிற்கிறது.

மிட்வேயிலிருந்து தொடங்குகிறேன். 1942 ஜூன் 4 அன்று காலை நகுமோ சூயிச்சியிடம் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. அவருக்கு இடப்பட்டிருந்த பணிகள் இரண்டு. தரையிறங்கும் படை வந்து சேர்வதற்குள் குறித்த நாளில் மிட்வே தீவின் பாதுகாப்பை நொறுக்க வேண்டும். அமெரிக்கக் கப்பற்படை வெளியே வந்தால் அதையும் அழிக்க வேண்டும். முதற்பணி கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது, இரண்டாவது எதிரியின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் மோதினால் எதை விடுவது என்று ஜப்பானியக் கப்பற்படையின் தலைமைத் தளபதி யமமோட்டோவின் திட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. யமமோட்டோவோ யமாட்டோ போர்க்கப்பலில் பல நூறு மைல் பின்னால், வானொலி மௌனம் காத்து வந்துகொண்டிருந்தார். போதாக்குறைக்கு, இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் அலூசியன் தீவுகளின் பக்கம் அனுப்பப்பட்டிருந்தன.

தீவைத் தாக்கப் போன 108 விமானங்களின் தலைவர் தோமோனாகா, இன்னொரு தாக்குதல் தேவை என்று காலை 7 மணியளவில் செய்தி அனுப்பினார். கப்பல்களைத் தாக்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்த விமானங்களில் தரை இலக்குக்குரிய குண்டுகளை மாட்டும்படி 7.15-க்கு நகுமோ உத்தரவிட்டார். அரை மணி நேரம் கழிவதற்குள், தோனே கப்பலிலிருந்து அரை மணி தாமதமாகப் புறப்பட்டிருந்த வேவு விமானம் எதிரிக் கப்பல்கள் தென்படுவதாகச் சொன்னது. அவற்றில் விமானந்தாங்கிக் கப்பல் இருப்பதைச் சொல்ல அதற்கு 8.20 மணி ஆயிற்று. கீழ்த்தளத்தில் டார்பிடோக்களைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க, மேலே தோமோனாகாவின் விமானங்கள் எரிபொருள் தீரும் நிலையில் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. இருப்பதை வைத்து உடனே தாக்குங்கள் என்று ஹிர்யுவிலிருந்து, நகுமோவின் கீழிருந்த தளபதி யமகுச்சி தமோன் வற்புறுத்தினார். நகுமோ, வந்தவர்களை இறக்கிக்கொண்டு, பிறகு எல்லா விமானங்களையும் சேர்த்து முறையாகத் தாக்குவது என்று தீர்மானித்தார். இதைத் தயக்கம் என்று சொல்வது பொருந்தாது. ஜப்பானியக் கடற்படைக் கோட்பாடு அவருக்குக் கற்பித்திருந்தது அதைத்தான்.

உண்மையில் நகுமோ மீது சுமத்த வேண்டிய குற்றம் வேறு. அதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. இதே சிக்கல் இரண்டே மாதங்களுக்கு முன், 1942 ஏப்ரல் 5 அன்று, இலங்கைக்குத் தெற்கே அவருக்கு நேர்ந்திருந்தது. கொழும்பை இரண்டாம் முறை தாக்குவதற்காகத் தரைக்குண்டு மாட்டிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் குரூசர்கள் கண்ணில் பட, மறுபடியும் டார்பிடோவுக்கு மாற்றச் சொல்லி நேரம் வீணானது. அன்று எதிரே இருந்தவை டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்கள் மட்டும் என்பதால் ஆபத்தில்லாமல் போயிற்று; இரண்டும் மூழ்கின. ஏப்ரல் 9 அன்று பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்கள் யாருடைய கண்ணிலும் படாமல் வந்து அகாகியின் அருகிலேயே குண்டு போட்டன. தண்ணீர் எழும்பிய பிறகுதான் கப்பலில் இருந்தவர்களுக்கு விஷயமே தெரிந்தது. ராடார் இல்லாத கப்பல்கள் அவை. இந்த இரண்டு நாள்களின் பாடத்தையும் நகுமோவோ அவருடைய அலுவலர்களோ யமமோட்டோவோ கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வெற்றி பெற்றவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

அமெரிக்க விமானங்கள் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்ற வரியும் கட்டுரையில் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து அகாகியில் இருந்த ஜப்பானிய விமானி ஃபுச்சிதா மிட்சுவோ போருக்குப் பின் பரப்பிய கதை அது. தாக்குதல் விமானங்கள் மேல்தளத்தில் வரிசையாக நின்று புறப்படும் தறுவாயில் இருந்தன என்பதற்கு ஜப்பானியக் கப்பல்களின் சொந்தப் பதிவுகளே இடம் கொடுக்கவில்லை. காலை முழுவதும் அந்தத் தளங்களில் காவல் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. தாக்குதல் விமானங்கள் கீழ்த்தளத்திலேயே இருந்தன; அவற்றை மேலே ஏற்றி, வரிசைப்படுத்தி, இயந்திரத்தைச் சூடேற்றி அனுப்ப ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த முக்கால் மணி நேரத்தை நகுமோவுக்குக் கிடைக்காமல் செய்தவை, ஒன்றன்பின் ஒன்றாக வந்து மடிந்த அமெரிக்க டார்பிடோ விமானப் பிரிவுகள். ஹார்னெட் கப்பலிலிருந்து வந்த 15 விமானங்களும் வீழ்ந்தன. அவற்றில் வந்த 30 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். விதியின் ஐந்து நிமிடம் என்று எழுதும்போது அந்த 29 பேரின் பங்கு மறைந்துபோகிறது.

எதிர்த்தரப்பில் அமெரிக்கப் பசிபிக் கப்பற்படையின் தலைமைத் தளபதி நிமிட்ஸ் எழுதிக் கொடுத்தது வேறு வகை உத்தரவு. எதிரிக்கு அதைவிடப் பெரிய சேதம் விளைவிக்கும் நல்ல வாய்ப்பு இல்லாமல், வலிமை மிகுந்த எதிரிப் படையின் தாக்குதலுக்கு உங்கள் கப்பல்களை ஆட்படுத்தாதீர்கள் என்பது அதன் சாரம். நோய்வாய்ப்பட்ட ஹால்சிக்குப் பதிலாக வந்த ஸ்புரூயன்ஸ், நான்கு ஜப்பானியக் கப்பல்களும் எரிந்த அன்று இரவில் மேற்கே துரத்தாமல் கிழக்கே விலகினார். பலர் குறை சொன்னார்கள். அதே இரவில் யமமோட்டோ தம் பெரும் போர்க்கப்பல்களோடு இரவுச் சண்டைக்கு வழி தேடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்புரூயன்ஸுக்கும் அது அப்போது தெரியாது. தெரியாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் கையிலிருந்த தாள் சொல்லியிருந்தது.

1944 ஜூனில் சைப்பான் அருகே நடந்ததற்கும் இதுவே விளக்கம். ஸ்புரூயன்ஸுக்கு இடப்பட்ட பணி சைப்பான், டினியன், குவாம் தீவுகளைக் கைப்பற்றிக் காப்பது. ஜூன் 15 அன்று படைகள் சைப்பானில் இறங்கிவிட்டன. ஜூன் 18 இரவு, ஜப்பானியத் தளபதி ஒசாவாவின் கப்பல்கள் மேற்கே இருப்பதாக வானொலித் திசையறிதல் காட்டியதும், விடியற்காலையில் தாக்கும் தூரத்துக்கு நெருங்கலாம் என்று விமானந்தாங்கிக் கப்பல்களின் தளபதி மிட்ஷர் அனுமதி கேட்டார். ஸ்புரூயன்ஸ் மறுத்தார். ஜப்பானியர்கள் படையைப் பிரித்து ஒரு பகுதியைத் தூண்டிலாகக் காட்டும் வழக்கமுள்ளவர்கள். தாம் மேற்கே போனால் மற்றொரு பகுதி சுற்றி வந்து கரையோரக் கப்பல்களைத் தாக்கக்கூடும் என்பது அவர் கணக்கு. அந்தத் தடவை அப்படி யாரும் சுற்றி வரவில்லை. ஆகவே அவர் தவறு செய்தார் என்கிறார் கட்டுரையாளர்.

நடந்ததைப் பார்ப்போம். ஜூன் 19 அன்று ஒசாவா அனுப்பிய நான்கு அலைகளும் அமெரிக்கக் கப்பல்களின் ராடாருக்கும் காவல் விமானங்களுக்கும் இரையாகி, ஜப்பானியர் ஒரே நாளில் 300-க்கு மேற்பட்ட விமானங்களை இழந்தனர். தைஹோ, ஷோகாகு என்ற இரண்டு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களை அன்றே நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்தன. மறுநாள் ஹியோ மூழ்கியது. எஞ்சிய கப்பல்கள் தப்பிவிட்டன என்று மிட்ஷரைச் சேர்ந்த விமானப் பிரிவு அதிகாரிகள் பொருமினார்கள். தப்பியவை வெறும் இரும்பு. அவற்றிலிருந்து பறக்கத் தெரிந்தவர்கள் கடலில் கிடந்தார்கள்.

லெய்ட்டே பற்றிய பகுதியில்தான் கட்டுரை மிகவும் சறுக்குகிறது. சைப்பானில் எதிரிக் கப்பல்களைத் தப்பவிட்டோம் என்ற மனக்குறை அமெரிக்கக் கடற்படைக்குள் ஆழமாகப் பதிந்திருந்தது. அதன் நிழல் 1944 அக்டோபரில் ஹால்சிக்குக் கிடைத்த உத்தரவில் விழுந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். லெய்ட்டேயில் இறங்கும் படைகளுக்குக் காப்பாக இருக்கச் சொன்ன அதே உத்தரவு, எதிரிக் கப்பற்படையின் பெரும்பகுதியை அழிக்கும் வாய்ப்பு கிடைத்தாலோ அதை உருவாக்க முடிந்தாலோ, அவ்வாறு அழிப்பதே முதன்மைப் பணியாகும் என்றும் சொன்னது. ஹால்சியைத் தெரிந்த எவரும் அவர் இந்த இரண்டில் எந்த வரியை அடிக்கோடிடுவார் என்று ஊகித்திருக்கலாம். வடக்கிலிருந்து ஒசாவா தூண்டிலாகக் கொண்டுவந்த சூய்காகு, சூய்ஹோ, சித்தோசே, சியோடா என்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் ஜூனில் தப்பியவைதாம். நான்கிலும் சேர்த்து இருந்தவை நூற்றுச் சொச்சம் விமானங்கள். ஸ்புரூயன்ஸ் ஜூனில் உள்ளீடற்றதாக்கிய படையைத்தான் ஹால்சி அக்டோபரில் முழுப் பலத்தோடு துரத்தினார்.

இனி அந்தப் புகழ்பெற்ற செய்திக்கு வருகிறேன். அக்டோபர் 24 அன்று பிற்பகல் 3.12 மணிக்கு ஹால்சி தம் கப்பல்களுக்கு ஒரு செய்தி அனுப்பினார். அதில் நான்கு பெரும் போர்க்கப்பல்களையும் சில குரூசர்களையும் நாசகாரிகளையும் குறிப்பிட்டு, இவை 34-ஆம் பணிப்படையாக அமைக்கப்படும் என்றார். ‘அமைக்கப்படும்’ என்பது இனி நடக்கப்போகும் ஏற்பாடா, அந்த நிமிடமே பிறப்பித்த ஆணையா என்பது சொல்பவர் மனத்தில் இருக்கிறது. ஆங்கில மூலத்திலும் அதே இரட்டைப் பொருள்தான். இந்தச் செய்தி லெய்ட்டேயில் படைகளை இறக்கிய ஏழாவது கப்பற்படையின் தளபதி கின்கெய்டுக்கு அனுப்பப்படவே இல்லை. ஆனால் அவருடைய வானொலி அறை அதைப் பிடித்துவிட்டது. படை அமைந்துவிட்டது, குரிட்டாவின் போர்க்கப்பல்கள் வரக்கூடிய வழியான சான் பெர்னார்டினோ ஜலசந்தியை அது காக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். நிமிட்ஸும் அப்படியே நினைத்தார். ‘நான் சொல்லும்போதுதான் அமைக்கப்படும்’ என்ற விளக்கத்தை ஹால்சி பிறகு அனுப்பினார். ஆனால் பக்கத்துக் கப்பல்களுக்கு மட்டும் எட்டும் குறுந்தூர வானொலியில் அனுப்பினார். கின்கெய்டின் காதுக்கு அது எட்டவில்லை. அன்றிரவு, மூன்று பிரிவுகளோடு வடக்கே போகிறேன் என்று ஹால்சி தெரிவித்தார். மூன்று போனால் நான்காவது இங்கே நிற்கிறது என்று கின்கெய்டு கணக்குப் போட்டார். அவர் கணக்கில் பிழை இல்லை. அப்படி நான்காவதாக ஒன்று அமைக்கப்படவே இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இடையில் மேலிடத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ஹால்சி நிமிட்ஸுக்குக் கட்டுப்பட்டவர், கின்கெய்டு தரைப்படைத் தளபதி மக்கார்தருக்குக் கட்டுப்பட்டவர். ஒரே வளைகுடாவில் போரிட்ட இருவருக்கும் பொதுவான தளபதி வாஷிங்டனுக்கு இப்பால் ஒருவரும் இல்லை. அவர்களுக்கிடையே செய்திகள் மானுஸ் தீவிலிருந்த நிலையத்தின் வழியாகச் சுற்றிப் போயின. 34-ஆம் பணிப்படை ஜலசந்தியைக் காக்கிறதா என்று கின்கெய்டு அக்டோபர் 25 விடியற்காலை 4.12-க்குக் கேட்ட கேள்வி ஹால்சியின் கையில் கிடைத்தபோது மணி 6.48. இல்லை என்று ஹால்சி 7.05-க்குப் பதில் எழுதும்போது, சமார் தீவுக்கு அப்பால் குரிட்டாவின் படையிலிருந்த யமாட்டோவின் பீரங்கிகள், கின்கெய்டின் கீழிருந்த கிளிஃப்டன் ஸ்பிரேக்கின் ஆறு சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களை நோக்கிச் சுடத் தொடங்கிவிட்டிருந்தன.

இவ்வளவும் சொல்வதால் ஹால்சியை நான் விடுவிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். அன்றிரவு இண்டிபென்டன்ஸ் கப்பலின் வேவு விமானங்கள், பகலில் மேற்கே பின்வாங்கிய குரிட்டா மறுபடியும் கிழக்கே திரும்பிவிட்டதையும் ஜலசந்தியின் வழிகாட்டும் விளக்குகள் எரிவதையும் தெரிவித்தன. ஹால்சியின் போர்க்கப்பல்களின் தளபதி லீ எச்சரித்தார், கிடைத்த பதில், செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கான வழக்கமான ஒற்றைச் சொல். எழுப்பப்பட்ட மிட்ஷர், என் யோசனை வேண்டுமானால் அவரே கேட்பார் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். ஏறத்தாழ 65 கப்பல்களோடு 17 கப்பல்களைத் துரத்தப் போனவரால், ஜலசந்தியில் நான்கு போர்க்கப்பல்களை விட்டுச் செல்ல நிச்சயம் முடிந்திருக்கும். விடவில்லை என்றாலும் குற்றம் பாதிதான். விடவில்லை என்று கின்கெய்டுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வானொலி அறையில் இருந்தவன் என்ற முறையில், என்னால் மன்னிக்க முடியாதது அந்த எழுதப்படாத வரிதான்.

அந்த வரிக்கு விலை கொடுத்தவர்களைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. ஜான்ஸ்டன் என்ற நாசகாரிக் கப்பலின் தலைவர் எர்னஸ்ட் எவன்ஸ், உத்தரவு வரும்வரை காத்திராமல், தன்னந்தனியாகக் கப்பலைத் திருப்பி ஜப்பானியக் குரூசர்களை நோக்கிச் சென்று டார்பிடோக்களை ஏவினார். பிறகு அடிபட்ட கப்பலோடு, சண்டையிலிருந்து விலகாமல் மீண்டும் திரும்பினார். ஜான்ஸ்டன், ஹோயல், சாமுவேல் பி. ராபர்ட்ஸ் ஆகிய மூன்றும் மூழ்கின; எவன்ஸ் திரும்பவில்லை. விமானந்தாங்கிக் கப்பல்களில் கேம்பியர் பே பீரங்கிச் சூட்டில் மூழ்கியது. அன்று எவன்ஸ் எடுத்த முடிவுக்கு மட்டும் எந்தத் தாளும் துணையில்லை.

குரிட்டாவைக் கோழை என்று எழுதியதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அக்டோபர் 23 அன்று விடியலில் பலவான் பக்கம் அவருடைய தலைமைக் கப்பல் அடாகோ டார்பிடோ தாக்கி மூழ்கியது. அவர் கடலில் நீந்தி, ஒரு நாசகாரியில் ஏறி, பிறகு யமாட்டோவுக்கு மாறினார். செய்தித் தொடர்புப் பணியாளர்களில் பலரை அந்தக் காலையில் இழந்தார். மறுநாள் சிபுயன் கடலில் முசாஷி என்ற பெரும் போர்க்கப்பலை இழந்தார். ஹால்சி தூண்டிலைக் கவ்விவிட்டார் என்று ஒசாவா அனுப்பிய செய்தி அவரை எட்டவே இல்லை. ஆகவே 25-ஆம் தேதி காலை தம் முன்னால் இருந்தவை ஹால்சியின் பெரிய கப்பல்கள் என்றே அவர் நம்பினார். மூன்று குரூசர்களை இழந்து, கப்பல்கள் சிதறி, விமானத் தாக்குதல் ஓயாத நிலையில், 9.11-க்குப் படையை ஒன்றுகூட்ட உத்தரவிட்டார். அதன் பின், வடக்கே மற்றோர் அமெரிக்கப் படை இருப்பதாகக் கிடைத்த தகவலை நம்பி, வளைகுடாவை விட்டு அதைத் தேடிப் போனார். வளைகுடாவில் பெரும்பாலான சரக்கு ஏற்கெனவே இறக்கப்பட்டுவிட்டது என்பதும் அவர் மனத்தில் இருந்தது. தவறான முடிவாக இருக்கலாம். கோழை எதிரியின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தேடிக்கொண்டு போகமாட்டான்.

இதில் ஒரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்டுகிறேன். கட்டுரையின் முற்பகுதியில் 1942 ஆகஸ்ட் 9 சாவோ தீவுச் சண்டைக்காக ஜப்பானியத் தளபதி மிகாவா வாயாரப் புகழப்படுகிறார். நான்கு நேசநாட்டுக் குரூசர்களை ஒரே இரவில் மூழ்கடித்த மிகாவாவும், பாதுகாப்பிழந்து நின்ற சரக்குக் கப்பல்களைத் தொடாமல்தான் திரும்பினார். விடிந்தால் அமெரிக்க விமானங்கள் வரும் என்று அஞ்சினார்; அமெரிக்கத் தளபதி ஃபிளெட்சர் தம் விமானந்தாங்கிக் கப்பல்களை முந்தின மாலையே விலக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. அஞ்சிய ஆபத்து அங்கே இல்லை என்ற செய்தி வந்து சேராததால் திரும்பியவர்கள் இருவரும். ஒருவருக்கு மாலையும் மற்றவருக்கு வசையும் எப்படிப் பொருந்தும் என்று கட்டுரையாளரே விளக்க வேண்டும்.

கடைசியாக, திருத்தியே தீர வேண்டிய ஒன்று. ‘34-ஆம் பணிப்படை எங்கே? உலகமே வியக்கிறது’ என்று நிமிட்ஸ் ஹால்சியைக் கேலி செய்ததாகக் கட்டுரை சொல்கிறது. ‘உலகமே வியக்கிறது’ என்ற சொற்கள் நிமிட்ஸுடையவை அல்ல. இரகசியச் செய்திகளை எதிரி உடைக்காமலிருக்க முன்னும் பின்னும் சேர்க்கும் பொருளற்ற நிரப்புச் சொற்கள் அவை; சேர்த்தவர் ஒரு குறியீட்டு அலுவலர். வழக்கமாக அவற்றை வெட்டிவிட்டுத்தான் தளபதியிடம் கொடுப்பார்கள். ஹால்சியின் தலைமைக் கப்பலான நியூ ஜெர்சியில் முன்னால் இருந்ததை வெட்டினார்கள்; பின்னால் இருந்தது செய்தியோடு பொருந்துவதுபோல் தோன்றியதால் விட்டுவிட்டார்கள். ஹால்சி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, 11.15-க்கு, ஒசாவாவின் எஞ்சிய கப்பல்கள் நாற்பது மைலுக்குச் சற்றே அப்பால் இருந்த நிலையில், பெரும் போர்க்கப்பல்களைத் தெற்கே திருப்பினார். அவை வந்து சேர்வதற்குள் குரிட்டா ஜலசந்தியைக் கடந்துவிட்டார். ஆகவே, தாம் எழுதாத சொற்களுக்காக நிமிட்ஸைக் குறை கூறும் அந்த வாக்கியத்துக்கும், மிட்வேயின் ‘ஐந்து நிமிட’ வாக்கியத்துக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அலுவலர்